தீக்குச்சிகளின் அசைவு: தாதாசாகேப் பால்கேயும் இந்திய அசைவூட்டக் குறும்படத்தின் தொடக்கமும்

இந்திய மௌனப்பட வரலாற்றை எழுதுவோர் பலரும் தாதாசாகேப் பால்கேயின் வாழ்வை 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வை நடுவாக வைத்தே அமைப்பர். தீக்குச்சிகளைக் கொண்டு அவர் 1915-இல் உருவாக்கிய 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்னும் அசைவூட்டக் குறும்படம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அதனைப் போர்க்காலத்துப் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று, கோதாவரி தோன்றும் திரிம்பகத்தில், வடமொழி அறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பரோடா கலாபவனத்திலும் ஓவியமும் ஒளிப்படமும் பயின்றார். கோத்ராவில் ஒளிப்பட நிலையம் நடத்தியபோது கொள்ளைநோய்க்கு மனைவியையும் குழந்தையையும் இழந்தார். பின்னர்த் தொல்லியல் துறையில் வரைவாளர். அதன்பின் இரவிவர்மாவின் அச்சகத்திற்கு அச்சுக்கட்டை செய்பவர். இடையே தம் பெயரெழுத்துகளைத் திருப்பிக் 'கெல்பா' என்னும் பெயரில் செப்பிடுவித்தையும் காட்டினார். இல்லாததை இருப்பதாகக் காட்டும் அக்கலை வீண்போகவில்லை.

இயேசுவின் வாழ்வைக் காட்டிய படமொன்றைப் பம்பாயில் பார்த்தபின் அவர் திரைப்படத்தின்பால் திரும்பினார். 1905-இல் திருச்சிராப்பள்ளியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர்தோறும் காட்டியவற்றுள்ளும் இயேசு வாழ்வுப் படம் இருந்தது. ஒரே பொருள் அங்கே படைப்பாளரையும் இங்கே காட்சியாளரையும் உருவாக்கியது எனலாம்.

1912-இல் இலண்டன் சென்று, செசில் ஹெப்வொர்த்தின் படக்கூடத்தில் தொழில் கற்று, வில்லியம்சன் கருவியை வாங்க ஏற்பாடு செய்து மீண்டார். கையில் முதல் இல்லை. தொட்டியில் பட்டாணி விதைத்து, கருவியை அதன்முன் நிறுத்தி, சட்டகம் சட்டகமாக ஒரு மாதத்திற்கு மேல் பதிவு செய்தார். விதை முளைத்துக் கொடியாவது ஒரு நிமிட அளவில் திரையில் ஓடியது. அதைக் கண்டே பணம் கடன் கொடுக்க ஆள் முன்வந்தார். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்திற்கு ஈடாக நின்றது இப்பட்டாணிக் கொடியே என்பதை வரலாற்றாசிரியர் போதிய அளவு வற்புறுத்தவில்லை. மனைவி சரசுவதிபாய் படச்சுருளில் துளையிட்டார். உருத்துலக்கும் பணியையும் கற்றுக்கொண்டார். 1913 மே 3 அன்று பம்பாய்க் கொரனேசன் அரங்கில் படம் வெளியாயிற்று.

அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது. பொருள் வரத்துக் குன்றியது. இந்நெருக்கடியில்தான் தீக்குச்சிப் படம் பிறந்தது. பிரான்சில் எமில் கோல் 1908-இல் தீக்குச்சிகளை ஆடவைத்திருந்தார். அத்தாக்கம் பால்கேயிடம் உண்டு. ஆயினும் குச்சியைச் சிறிதே நகர்த்தி ஒரு சட்டகம், மீண்டும் நகர்த்தி ஒரு சட்டகம் என்னும் பொறுமை, பட்டாணிக் கொடியிடமிருந்து அவர் முன்பே பெற்றது. கொடி தானே அசைந்தது. குச்சியை அவர் அசைத்தார். வேறுபாடு அவ்வளவே. ஏறத்தாழ அக்காலத்தில் உருசியாவில் ஸ்டாரேவிச், சிறுவர் பயிலும் கிரிலோவின் செய்யுட்கதையை இறந்த பூச்சிகளின் உடல்களைக் கொண்டு அசைவூட்டப் படமாக்கினார். அவரது படத்திற்குக் கவிதை கதை தந்தது. பால்கேயின் குச்சிகள் கதையின்றியே ஆடின.

குழந்தைமை சார்ந்த கவிதை மரபு பால்கேயை வேறு வழியில் வந்தடைந்தது. 1919-இல் வந்த 'காளிய மர்தன்' படத்தில் அவருடைய மகள் மந்தாகினி குழந்தைக் கண்ணனாக நடித்தார். பெரியாழ்வார் முதல் பிள்ளைத்தமிழ் வரை பயின்ற தமிழ் வாசகர்க்கும், திருவையாற்றில் தியாகராசர் தெலுங்கில் இயற்றிய 'நௌகா சரித்திர'த்தை அறிந்தவர்க்கும் அக்குறும்புக் கண்ணன் புதியவன் அல்லன். பாம்போடு போரிடும் காட்சியில் செப்பிடுவித்தைக்காரரின் கை தெரிகிறது.

1918-இல் தொடங்கிய இந்துஸ்தான் பிலிம் கம்பெனியில் கூட்டாளிகளோடு பிணங்கிக் காசிக்குப் போனதும், அங்கே நாடகம் எழுதியதும், மீண்டு வந்ததும் பலர் எழுதியவை. பேசும்பட வரவு அவரைப் பின்தள்ளியது. 1937-இல் 'கங்காவதரண்' எடுத்ததோடு ஓய்ந்தார். 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் மறைந்தார். 'காளிய மர்தன்' பெரும்பகுதி எஞ்சியுள்ளது. தீக்குச்சிகள் ஆடிய சுருள் எஞ்சவில்லை.