பேச வைத்தே நோய் தீர்த்த டாக்டர்

மனநோய் என்றால் பேய், பிசாசு என்று பலர் பயந்த காலம் அது. கல்கத்தாவில் ஒரு டாக்டர், நோயாளியை மனம்விட்டுப் பேசச் சொல்லி வைத்தியம் செய்தார். அவர்தான் கிரீந்திரசேகர போஸ். பிறந்தது 1887-ல்.

1910-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். மாயவித்தையும் தெரியும்! வைத்தியராக இருந்துகொண்டே மறுபடியும் மாணவரானார். 1917-ல் மனோதத்துவத்தில் எம்.எஸ்சி. தேறினார். மனதுக்குள் அடக்கி வைத்த ஆசைகளைப் பற்றி ஆராய்ந்து, 1921-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இந்தியாவில் மனோதத்துவத்துக்குக் கிடைத்த முதல் டாக்டர் பட்டம் அது.

ஆராய்ச்சி நூலை வியன்னாவில் இருந்த மேதை பிராய்டுக்கு அனுப்பினார். பிராய்டுக்கு ஒரே வியப்பு! ஆனால், ஒவ்வோர் ஆசைக்குள்ளும் நேர் எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற போஸின் கொள்கையை அவர் முழுதும் ஏற்கவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்ட இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

1940-ல் கல்கத்தாவில் லும்பினி பார்க் மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இடம் கொடுத்தவர் அண்ணன், எழுத்தாளர் ராஜசேகர போஸ். 1953-ல் போஸ் காலமானார்.