மாண்டிசோரி அம்மையார்

குழந்தையின் கல்வி எந்நாள் தொடங்குகின்றது? அரிச்சுவடியைக் கையிற் கொடுக்கும் நாளிலே என்பர் பலர். அஃது அதற்கு வெகு முன்னரே, தவழும் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றது என உலகிற்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் மேரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதாயிருந்த அக்காலத்தே, 1896-இல் உரோமைப் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-இல் அந்நகரில் எளியோர் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியிற் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தை கையாலும் கண்ணாலுமே முதற்கண் கற்கின்றது என்பதை அங்கே கண்டார். விதையூன்றி நீர் வார்க்கும் பிள்ளை, முளை தோன்றுமளவும் காத்திருக்கும் பொறுமையைத் தானே பயிலும். பிராணிகட்கு உணவிடும் பிள்ளை, தன்னை நம்பிய உயிரை மறவாமை பயிலும். நடைபயிலும் குழந்தையோடு செல்வோர் அதன் நடைக்கேற்ப நடந்து, அது நிற்குமிடத்து நிற்றல் வேண்டும் என்பதும் அம்மையார் கொள்கை.

1939-இல், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையாரின் அழைப்பிற்கிணங்கிச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஓலைக் குடில்களில் அமர்ந்து அவரிடம் பயின்றனர். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டார் என அவர்தம் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். இத்தாலிய மொழியிலேயே விரிவுரை நிகழ்த்திய அம்மையாருக்கு அம்மகனே மொழிபெயர்ப்பாளருமாவார். எழுபதாம் பிறந்த நாளன்று மகனைத் திரும்பப் பெற்றார். ஆயினும் 1946 வரை ஐரோப்பாவுக்கு மீள வழியில்லாதாயிற்று.

அதுகண்டு மனமுடைந்து வாளாவிருந்தாரல்லர். 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கிச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். மலைச்சோலையே அவர்கட்குப் புத்தகமாயிற்று. செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் தேடிக் கண்டு, உற்று நோக்கி, இனம் பிரித்துப் பெயரறிந்தனர். நாடிழந்து நின்ற முதுமையே அவர்தம் பணிக்குப் புதுத்தளிர் ஈந்தது. குழந்தையின் முதலாண்டுகளைக் குறித்த அவரது பெருநூலும் 1949-இல் அடையாற்றிலேயே வெளிவந்தது. 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து தேசத்தில் இறைவனடி சேர்ந்தார்.

காட்டுப் புஷ்பங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டிப் போதித்த நம் ஆண்டவரின் வழியும் இதுவன்றோ! அம்பத்தூர், ஆவடி ஏரிக்கரைகளில் நடக்கும் சிறு மகவு உதிர்ந்த இலையொன்றை எடுத்து நோக்குமாயின், அதனை இழுத்துச் செல்லாது நாமும் சற்றே நிற்போமாக. அதுவே அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாம்.