‘ர’ வராத பேச்சாளர்

எங்கள் திருவேற்காட்டில் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளிடம் ஊர் அம்மனின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஓரிரு குழந்தைகளாவது கருமாரியைக் ‘கலுமாலி’ என்று சொல்லும். உடனே பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆசிரியராக இருந்த காலத்தில் நான் அதிகம் அதட்டியது அந்தச் சிரிப்பைத்தான்.

அதே ‘ர’ எழுத்து வராமல் திண்டாடிய ஒருவர், பிற்காலத்தில் கிரேக்க நாட்டின் தலைசிறந்த பேச்சாளர் ஆனார். அவர்தான் டெமாஸ்தனிஸ்.

கி.மு. 384-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் பிறந்தார். தந்தை வாள், கத்தி செய்யும் பட்டறை வைத்திருந்த செல்வந்தர். டெமாஸ்தனிசுக்கு 7 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பாதுகாவலர்கள் மூவரும் அதில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டார்கள். சிறுவனோ நோஞ்சான். மற்றச் சிறுவர்கள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

சொத்தை மீட்க வேண்டுமானால் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலத்து ஏதென்சில் வழக்குத் தொடுத்தவரே நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச வேண்டும். நாக்குப் புரளாத பிள்ளை என்ன செய்யும்? ஆனாலும் சுமார் 20 வயதில் தன் வழக்கைத் தானே பேசி வென்றார் டெமாஸ்தனிஸ். சொத்தில் கொஞ்சம்தான் திரும்பக் கிடைத்தது. அது வேறு கதை!

பிறகு மக்கள் மன்றத்தில் பேசப் போனார். மெல்லிய குரல், பாதி வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும், உச்சரிப்பும் தெளிவில்லை. கூட்டம் சிரித்தது. அவமானத்தோடு வீடு திரும்பினார்.

பேச்சுக் கலைக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரே ‘ர’ ஒலியில்தான் தொடங்கும். தான் கற்கும் கலையின் முதல் எழுத்தே அவருக்கு வரவில்லை என்று ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். இடைவிடாத பயிற்சியால் அந்த எழுத்தை அவர் மிகத் தெளிவாகச் சொல்லப் பழகினார் என்பதும் அதே குறிப்பில் உண்டு.

என்ன பயிற்சி? நிலத்துக்கு அடியில் ஓர் அறை அமைத்து, இரண்டு மூன்று மாதங்கள்கூட அதிலேயே இருந்து பேசிப் பழகினாராம். வெளியே போக ஆசை வரக் கூடாதே என்று தலையில் ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டாராம்! மேட்டில் ஓடி ஏறியபடியே செய்யுள் சொன்னார். வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசினார். (நீங்கள் இதைச் செய்யவே கூடாது. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.)

எல்லோரும் கூழாங்கல்லை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் வெறும் எழுத்தை மட்டும் உருப்போடவில்லை. முழு முழு வாக்கியங்களாகச் சொல்லிப் பழகினார்.

இன்றைய பேச்சுப் பயிற்சியாளர்களும் வாக்கியத்துக்குத்தான் பாடுபடுகிறார்கள். ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும். ‘ர’ சொல்லும்போது நுனி அங்கே சட்டென்று தட்டிவிட்டு விலகும். முதலில் தனி எழுத்து. பிறகு ர, ரா, ரி, ரீ. பிறகு மரம், தேர் போன்ற சொற்கள். இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும். ரவி மரத்தடியில் தேரைப் பார்த்தான் என்று சொல்லச் சொன்னால்தான் சிக்கல். மனம் தேரைப் பார்க்கப் போய்விடும். நாக்கு பழைய ‘ல’வுக்கே திரும்பிவிடும். அதனால்தான் வாக்கியங்களை நாள் தவறாமல் சொல்ல வைக்கிறார்கள்.

டெமாஸ்தனிசுக்கு அந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுத்தது. மாசிடோனியா மன்னன் பிலிப் கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக வளைத்தபோது, கி.மு. 351-ல் தொடங்கி அவனை எதிர்த்துப் பல முறை முழங்கினார். சிரித்த அதே மக்கள் மன்றம் கவனித்துக் கேட்டது. கி.மு. 338-ல் நடந்த போரில் ஏதென்ஸ் தோற்றது. பிலிப்பின் மகன்தான் மாவீரன் அலெக்சாண்டர். அவன் இறந்த மறு வருடம், கி.மு. 322-ல், மாசிடோனியர்கள் துரத்திவர, ஒரு தீவில் டெமாஸ்தனிசின் வாழ்க்கை முடிந்தது.

சுமார் 40 ஆண்டுகள் கழித்து ஏதென்ஸ் மக்கள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அது இப்போது இல்லை. அதைப் பார்த்துச் செய்த பளிங்குச் சிலைகள் வாடிகனிலும் கோபன்ஹேகனிலும் இருக்கின்றன. நெற்றியைச் சுருக்கி, உதடுகளை மூடி நிற்கிறார் அந்தப் பேச்சாளர்.