பெங்களூர்க் குளிரில் பிறந்த தமிழ்நாட்டின் முதல் படம்

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் கொட்டும். அந்த வெயிலில், வீட்டு இருட்டறையில் உட்கார்ந்து பிலிம் கழுவிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். முகம் ஒரு பக்கம் கறுத்திருக்கும். மறு பக்கம் வெளுத்திருக்கும். நடுவே திட்டுத் திட்டாக இருக்கும். ஒரே ஒரு சுருள் பாழானதற்கே மனம் வேதனைப்படுகிறது.

ஆனால், 6,000 அடிப் படத்தை இதே சென்னையில் எடுத்துவிட்டு, அதை எப்படிக் கழுவுவது என்று யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் தென்னாட்டின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார்.

மோட்டார் வியாபாரி

முதலியார் 1885-ல் வேலூரில் பிறந்தவர். சென்னைக்கு வந்து சைக்கிள், மோட்டார் கார் வியாபாரம் செய்தார். நல்ல வருமானம். ஆனால் மனம் மட்டும் சலனப் படத்தின் மீதே இருந்தது. தாதா சாகேப் பால்கே எடுத்த படங்கள் அவரை மயக்கிவிட்டன. புனாவில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் சென்று தொழில் கற்றார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ அமைத்து, 'கீசக வதம்' எடுக்கத் தொடங்கினார். 1917-ம் வருஷம் அது.

அக்காலத்துக் காமிராவைக் கையால் சுற்ற வேண்டும். வினாடிக்கு 16 படம். கை வேகம் தப்பினால், திரையில் பீமன் நடக்க மாட்டான், துள்ளுவான்! 35 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. செலவு சுமார் 35,000 ரூபாய். அந்நாளில் அது பெரும் தொகை. அத்தனையும் இருட்டறையில் சில நிமிஷங்களை நம்பி இருந்தது.

வெயில் என்ன செய்யும்?

பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். உஷ்ணமான நீரில் அது ஊறி உப்பி, இளகிவிடும். நகம் பட்டால் உரியும். இது ஒரு ஆபத்து.

இன்னொன்று வேகம். டெவலப்பர் 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருந்தால் நிதானமாக வேலை செய்யும். சூடு ஏறினால் அவசரப்படும். 10 நிமிஷ வேலையில், பிலிமின் ஒரு முனை அரை நிமிஷம் தாமதித்து நனைந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 3 நிமிஷத்தில் முடியும் வேலையில் அதே அரை நிமிஷம் பெரும் பேதம் அல்லவா? திட்டு விழுவது அதனால்தான்.

அந்நாளில் மரச் சட்டத்தில் சுமார் 200 அடி பிலிமைச் சுற்றி, தொட்டியில் இறக்குவார்கள். 6,000 அடி என்றால் 30 தடவை. சட்டம் ஒரே மூச்சில் முழுகவேண்டும். உடனே அதைத் தட்டி, காற்றுக் குமிழிகளை விரட்டவேண்டும். குமிழி ஒட்டிய இடத்தில் மருந்து படாது, புள்ளி விழும். பிறகு இடையிடையே அசைக்கவேண்டும். அசையாமல் விட்டால், வேலை செய்து தீர்ந்த மருந்து பிலிமின் மேலேயே வழிந்து கோடு போடும்.

தொட்டிக்குள் ஐஸ் கட்டியைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஐஸ் கரையக் கரைய மருந்து நீர்த்துப் போகும். ஒரு மூலை குளிரும், ஒரு மூலை சுடும். அதுவும் திட்டில்தான் முடியும்.

வாரந்தோறும் ரயில்

முதலியார் வெயிலோடு மல்லுக்கு நிற்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரில் பிலிம் கழுவும் கூடத்தை வைத்தார். சென்னையில் எடுத்த பிலிமை எடுத்துக்கொண்டு வாரந்தோறும் ரயில் ஏறினார். படம் பிடித்தவரே கழுவும் இடத்திலும் நின்றார். பால்கேயின் வீட்டில் அவர் மனைவி சரஸ்வதி பாய் பிலிம் கழுவியதைப் போல, இங்கும் முதலாளி, தொழிலாளி என்ற பேதம் கிடையாது.

1918-ல் 'கீசக வதம்' சென்னையில் வெளியாயிற்று. ஜனங்கள் திரண்டு வந்தனர். போட்ட பணத்துக்கு மேல் லாபம் கிடைத்தது. 'திரௌபதி வஸ்திராபகரணம்' முதலிய படங்கள் தொடர்ந்து வந்தன.

தீயும் துயரமும்

1923-ல் விதி விளையாடியது. ஸ்டூடியோ தீக்கு இரையாயிற்று. அதே வருஷம் மகனும் இறந்தார். மனமுடைந்த முதலியார் படத்தொழிலை விட்டே விலகினார். 1971-ல் காலமானார். அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய 'கீசக வதம்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை!

படம் அழிந்தாலும் பாடம் அழியவில்லை. வீட்டில் பிலிம் கழுவும் வாசகர்கள் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டாம். மருந்துப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் உள்ள பெரிய பேசினுக்குள் வையுங்கள். ஐஸ் வெளியிலேயே இருக்கட்டும். தர்மாமீட்டர் 20 டிகிரி காட்டும்வரை காத்திருங்கள். மருந்தை ஒரே மூச்சில் ஊற்றி, தட்டி, ஒரே சீராக அசையுங்கள். முதலியார் ரயில் ஏறிச் சென்று தேடிய குளிர்ச்சி, உங்கள் வீட்டு பேசினிலேயே கிடைக்கும்.