பறவைகளுக்காகப் பேனா பிடித்தவர்

சேலம், நாமக்கல் பக்கம் போனால் சாலையோரம் மரவள்ளித் தோட்டங்களைப் பார்க்கலாம். குச்சிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இதிலிருந்துதான் தயாராகிறது. இந்தப் பயிரைக் காக்க ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குட்டிக் குளவி வந்தது தெரியுமா? விஷ மருந்தைக் குறைத்து, இயற்கை வழியில் பூச்சியை அடக்க வேண்டும் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் ரேச்சல் கார்சன்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் 1907 மே 27 அன்று பிறந்தார். தாயார் மரியா, மகளைக் காடு மேடெல்லாம் அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் காட்டி வளர்த்தார். ரேச்சலின் கதை சிறுவர் இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது 11 தான்!

எழுத்தாளராகும் ஆசையில் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தவர், உயிரியலில் மனதைப் பறிகொடுத்து அதற்கு மாறினார். 1932-ல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935-ல் தந்தை இறந்ததும் குடும்பப் பாரம் அவர் தோளில் விழுந்தது. அரசின் மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1951-ல் கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் புகழ் தேடித் தந்தது.

அந்நாளில் டிடிடி என்னும் பூச்சிமருந்தை விமானம் மூலம்கூடத் தெளித்தார்கள். மருந்து தெளித்த இடத்தில் பறவைகள் செத்து விழுவதாக 1958-ல் தோழி ஒருவர் கடிதம் எழுதினார். ரேச்சல் ஆராயத் தொடங்கினார். இலையில் படிந்த விஷம் மண்புழுவுக்குப் போகிறது. புழுவைத் தின்னும் பறவை மடிகிறது என்று கண்டார். 1962-ல் 'மௌன வசந்தம்' நூல் வெளியானது.

மருந்து நிறுவனங்கள் கொதித்து எழுந்தன. அவரைக் கேலி செய்தன. அப்போது அவர் புற்றுநோயால் வாடிக் கொண்டிருந்தார். அதை வெளியே சொல்லாமல் தளராது போராடினார். எல்லா மருந்தையும் ஒழிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிக்காதீர்கள், பூச்சியின் இயற்கை எதிரிகளைப் பயன்படுத்துங்கள் என்றே வலியுறுத்தினார். 1963-ல் அதிபர் கென்னடியின் அறிவியல் குழு அவர் பக்கம் நியாயம் இருப்பதை ஏற்றது. 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் ரேச்சல் மறைந்தார். 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. நம் நாட்டில் 1989-ல் வேளாண்மைக்கு அது தடை செய்யப்பட்டது.

2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்களிலும் புகுந்து, குருத்தைச் சுருட்டி விவசாயிகளைக் கலங்க வைத்தது. இதே பூச்சி முன்பு ஆப்பிரிக்காவையும் வாட்டியது. அதன் எதிரியான குளவியைத் தென் அமெரிக்காவில் தேடிப் பிடித்து, 1981-ல் அங்கே விட்டு வெற்றி கண்டார்கள். பெனின் நாட்டிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிலையத்திலிருந்து பெங்களூரு விஞ்ஞானிகள் அந்தக் குளவியை வரவழைத்துப் பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் பறக்க விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும்.

செல்வங்களே, ரேச்சலின் ஆயுதம் பேனாதான். ஆராய்ந்து அறிந்த உண்மையை அஞ்சாமல் சொன்னார். நீங்களும் அப்படியே வளர வேண்டும்!