லூயி ஷெவர்லே சரித்திரம்

ஒருவருடைய பெயர் உலகெங்கும் வழங்குமாயின், அவருடைய வாழ்வும் அதற்கேற்பச் செழித்திருக்கும் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் எப்பொழுதும் மெய்யாவதில்லை. ஷெவர்லே என்னும் மோட்டார் வண்டியின் பெயரைக் கேளாதார் நம்மில் மிகச் சிலரே. 1928ஆம் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் பம்பாயில் தொழிற்சாலை ஏற்படுத்தி இவ்வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது முதலாக, ஷெவர்லே கார்களும் லாரிகளும் பஸ்களும் நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடின. ஆனால், அப்பெயர் உயிரோடிருந்த ஒரு மனிதருடைய குடும்பப் பெயர் என்பதையும், அம்மனிதர் தம் பெயர் பொறித்த தொழிற்சாலையிலேயே பிற்காலத்தில் கூலி பெற்று உழைத்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அன்னாருடைய சரித்திரத்தை நமது சங்கத்து அன்பர்களுக்கும், விசேஷமாகத் தொழிலில் புகவிருக்கும் நமது இளைஞர்களுக்கும் ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

லூயி ஷெவர்லே 1878ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 25ஆம் தேதி ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் லா ஷோ-த-பொன் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் கடிகாரத் தொழிலுக்குப் பேர் போனது. அவர் தந்தையாரும் கடிகாரம் செய்பவரே. ஒரு மயிரிழை பிசகினும் சக்கரம் நின்றுவிடும் தொழிலாதலின், அளவில் வழுவாமையே அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு முதற் பாடமாக அமைந்தது. லூயி சிறு பிள்ளையாயிருக்கையிலேயே குடும்பத்தார் பிரெஞ்சு தேசத்தில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர்.

வீட்டில் செல்வம் இல்லை; பிள்ளைகளோ பலர். ஆதலின் லூயிக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. அவர் ஒரு சைக்கிள் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் சைக்கிள்களைப் பழுது பார்ப்பதும், ஓய்ந்த நேரத்தில் சைக்கிள் பந்தயங்களில் ஓடுவதுமாக இளமை கழிந்தது. ஓட்டுகிறவனே வண்டியையும் அறிந்திருக்க வேண்டும், வண்டியை அறிந்தவனே அதன் குறையைத் திருத்த வல்லான் என்னும் உண்மை அக்காலத்திலேயே அவர் மனத்தில் ஊன்றிவிட்டது. பின்னர் பாரிஸ் நகரத்து மோட்டார்ப் பட்டறைகளில் சிறிது காலம் பழகி, 1900ஆம் வருஷத்தில் கடல் கடந்து கானடா தேசத்து மான்ட்ரியால் நகரை அடைந்தார். அங்கிருந்து நியூயார்க் சென்று, டி டியோன் பூட்டோன் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் கிளையில் மெக்கானிக்காக வேலை பார்த்தார். பின்பு தம் தம்பியரான ஆர்தர், காஸ்டன் என்னும் இருவரையும் அமெரிக்காவுக்கு வருவித்துக்கொண்டார். தாம் ஒருவர் முன்னேறினால் போதும் என்று அவர் எண்ணவில்லை.

பந்தயப் புகழ்

அக்காலத்து மோட்டார்ப் பந்தயம் எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது கூறுதல் நலம். 1895ஆம் வருஷத்தில் பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று மீளும் 1,178 கிலோமீட்டர் பந்தயத்தில், எமில் லெவாஸர் என்பவர் இரவும் பகலும் ஏறக்குறைய நாற்பத்தொன்பது மணி நேரம் தாமே ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார். 1903ஆம் வருஷத்தில் பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயமோ, ஓட்டுநரும் வேடிக்கை பார்த்தவருமாகப் பலர் மாண்டமையால் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. ரெனோ சகோதரருள் ஒருவரான மார்செல் ரெனோ உயிரிழந்தது அப்பந்தயத்திலேதான். சாலைகளோ புழுதி, டயர்கள் அடிக்கடி வெடிக்கும், தலைக்குக் கவசமில்லை, உடலை ஆசனத்தோடு பிணைக்கும் வாரும் இல்லை. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் அமர்ந்து செல்வார். ஒருவர் பிழை செய்யின் இருவர் உயிர் போகும்.

இத்தகைய தொழிலில் ஷெவர்லே 1905ஆம் வருஷம் மே மாதம் 20ஆம் தேதி இறங்கினார். நியூயார்க்கில் குதிரைப் பந்தயத்துக்கென அமைத்த மாரிஸ் பார்க் திடலில், தொண்ணூறு குதிரை சக்தியுள்ள பியட் வண்டியில் ஒரு மைல் தூரத்தை 52.8 விநாடிகளில் ஓட்டினார். அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றிருந்த பார்னி ஓல்ட்பீல்டு என்பவரையும் தோற்கடித்தார். நேற்று வரை யாரும் அறியாத மெக்கானிக்கின் பெயர் மறுநாள் ஊரெங்கும் பரவிற்று.

அவருடைய திறமையைக் கண்டு தம்மிடம் சேர்த்துக்கொண்டவர் வில்லியம் டுராண்ட் என்பவர். இவர் ப்யூயிக் மோட்டார் கம்பெனியை நடத்தி, 1908ஆம் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை ஸ்தாபித்த பெரு வியாபாரி. லூயியையும் ஆர்தரையும் டுராண்ட் ஒரு பந்தயம் ஓடச் செய்தார் என்றும், துணிந்து ஓட்டிய லூயியைப் பந்தயக் குழுவில் சேர்த்து, நிதானமாக ஓட்டிய ஆர்தரைத் தம் சொந்த வண்டிக்கு ஓட்டுநராக வைத்துக்கொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது கதையேயாயினும் மூவர் குணத்தையும் நன்கு காட்டுவது.

1909ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இண்டியானா மாகாணத்தில் நடைபெற்ற கோப் கோப்பைப் பந்தயத்தில், ஏறக்குறைய 395 மைல் தூரத்தை எட்டு மணி நேரத்துக்குச் சிறிது அதிகமாக ஓட்டி ஷெவர்லே வென்றார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இண்டியானாபொலிஸ் நகரத்துப் புதிய பந்தயத் திடலில் முதல் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தபொழுது, கல்லும் தாரும் பெயர்ந்து ஐவர் உயிரிழந்தனர். ஷெவர்லேயோடு போட்டியிட்டு வந்த வில்லியம் பூர்க் என்பவரும் அவருடைய மெக்கானிக்கும் அவ்வைவருள் அடங்குவர். அதன் பின்னரே அத்திடல் முப்பது லக்ஷத்துக்கு மேற்பட்ட செங்கற்களால் பாவப்பட்டது. தோழர் மாண்ட திடலில் மீண்டும் மீண்டும் ஓட்ட வேண்டிய தொழில் அது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பெயர் பெற்ற கம்பெனி

1910ஆம் வருஷத்தில் கடன் மிகுதியால் டுராண்ட் தாம் ஸ்தாபித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தை இழந்தார். மீண்டும் எழுவதற்கு அவருக்கு ஒரு புதிய வண்டியும், ஜனங்கள் அறிந்த ஒரு பெயரும் தேவையாயின. இரண்டும் ஷெவர்லேயிடம் இருந்தன. 1911ஆம் வருஷம் நவம்பர் மாதம் 3ஆம் தேதி ஷெவர்லே மோட்டார் கார் கம்பெனி பதிவாயிற்று. கைத்திறன் ஒருவருடையது, வியாபார யுக்தி மற்றொருவருடையது.

ஷெவர்லே தம் மனத்துக்கிசைந்தவாறு அமைத்த முதல் வண்டி கிளாஸிக் ஸிக்ஸ் எனப்படும். அது ஆறு சிலிண்டர்களும் நாற்பது குதிரை சக்தியும் உடையது. மணிக்கு அறுபத்தைந்து மைல் வேகம் செல்ல வல்லது. அதன் விலை 2,150 டாலர். அதே காலத்தில் ஹென்றி போர்டு தமது டி மாடல் வண்டியை அறுநூறு டாலர் அளவில் விற்று வந்தார். டுராண்ட் கணக்கைப் பார்த்தார். எளியோரும் வாங்கத்தக்க மலிவான வண்டியே வேண்டும் என்றார். ஷெவர்லே யந்திரத்தைப் பார்த்தார். தம் பெயரைத் தாங்கும் வண்டி தரம் குன்றலாகாது என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு கம்பெனிக்கு இரண்டு நோக்கங்கள் இருத்தல் இயலாது. போதாக்குறைக்கு, ஷெவர்லே எப்பொழுதும் வாயில் சிகரெட்டோடு திரிவது கம்பெனித் தலைவருக்கு அழகன்று, சுருட்டுப் பிடிக்கலாகாதா என்று டுராண்ட் கண்டித்ததாகவும், அது பெருங்கோபமாக முற்றியதாகவும் சொல்லுவர். சிறு பொறியேயாயினும் வைக்கோற்போரில் விழுந்தால் போதுமன்றோ!

1913ஆம் வருஷ முடிவில் ஷெவர்லே கம்பெனியை விட்டு விலகினார். தம் பங்குகளையும் கைவிட்டார். அவருடைய பெயரோ கம்பெனிக்கே உரித்தாய் நின்றுவிட்டது. பின்னர் டுராண்ட் 490 டாலர் விலைக்கு ஒரு வண்டியை வெளியிட்டு, அவ்விலையையே அதற்குப் பெயராகவும் இட்டார். அது பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதனால் வந்த பலத்தைக் கொண்டு டுராண்ட் ஜெனரல் மோட்டார்ஸை மீண்டும் கைப்பற்றினார். 1918ஆம் வருஷத்தில் ஷெவர்லே கம்பெனி அதனோடு சேர்ந்தது. 1927ஆம் வருஷத்தில் விற்பனைத் தொகையில் போர்டு வண்டியையே மிஞ்சிற்று. இப்பெருஞ் செல்வத்தில் அப்பெயருக்குரியவருக்கு ஒரு காசளவும் பங்கில்லை.

தம்பியின் வெற்றியும் மரணமும்

ஷெவர்லே மனம் தளரவில்லை. தம் குடும்பப் பெயரை வண்டிக்கு இட வழியில்லாமையால், கானடாவில் முற்காலத்து ஆண்ட பிரெஞ்சு கவர்னர் ஒருவருடைய பெயரைக் கொண்டு பிரான்டினாக் என்று தம் புதிய பந்தய வண்டிகளுக்குப் பெயரிட்டார். சகோதரர் மூவரும் ஒன்றுகூடி உழைத்தனர். இண்டியானாபொலிஸில் வருஷந்தோறும் நடக்கும் ஐந்நூறு மைல் பந்தயத்தில் லூயி நான்கு முறை ஓட்டியும் முதற் பரிசு கிட்டவில்லை; 1919ஆம் வருஷத்தில் ஏழாவதாக வந்ததே அவர் எய்திய சிறந்த நிலை.

1920ஆம் வருஷப் பந்தயத்துக்கு அவர் அமைத்த வண்டிகள் பிரான்டினாக் என்றும் மன்ரோ என்றும் இரு பெயரில் ஓடின. ஸ்டீயரிங் கையின் எஃகு பழுதாயிருந்தமையால் அவற்றுட் பல நடுவழியில் முறிந்து நின்றன. ஆயினும் இளைய தம்பி காஸ்டன் ஓட்டிய மன்ரோ வண்டி, ஒரு டயரும் மாற்றாமல், மணிக்குச் சராசரி 88.6 மைல் வேகத்தில் ஓடி முதலில் வந்தது. 1912ஆம் வருஷத்துக்குப் பின் அமெரிக்க வண்டி ஒன்று அப்பந்தயத்தில் வென்றது அதுவே முதல் முறை. தமையன் செய்த வண்டியில் தம்பி வென்ற அந்நாளைவிட மகிழ்ச்சியான நாள் அக்குடும்பத்துக்கு வாய்த்திராது.

அம்மகிழ்ச்சி ஆறு மாதம் நிலைக்கவில்லை. அவ்வருஷம் நவம்பர் மாதம் 25ஆம் தேதி கலிபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸ் என்னுமிடத்து மரப்பலகைத் திடலில் நடந்த பந்தயத்தில், மற்றொரு வண்டியோடு மோதிக் காஸ்டன் தமது இருபத்தெட்டாம் வயதில் உயிர் துறந்தார். கடல் கடந்து தம்பியை வருவித்தவரும், வண்டியோட்டப் பழக்கியவரும் தாமே என்னும் நினைவு லூயியின் நெஞ்சை எவ்வாறு வருத்தியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் பின் அவர் பந்தயத்தில் ஓட்டுவதை விட்டொழித்தார். ஆனால் வண்டி செய்வதை விடவில்லை. 1921ஆம் வருஷத்திலும் அவருடைய பிரான்டினாக் வண்டியே, டாமி மில்டன் என்பவர் ஓட்ட, இண்டியானாபொலிஸில் வென்றது.

இறுதிக் காலம்

அதன்பின் லக்ஷ்மி அவர் பக்கம் திரும்பவில்லை. ஜனங்களுக்கென்று பிரான்டினாக் வண்டி செய்து விற்க எடுத்த முயற்சி வியாபார மந்தத்தால் கைகூடவில்லை. போர்டு வண்டிகளின் யந்திரத்தில் பொருத்தி வேகத்தைக் கூட்டும் சிலிண்டர் மூடிகளைச் சகோதரர் செய்து விற்றனர். அவை நல்ல பெயர் பெற்றன; அத்தகைய மூடி பொருத்திய போர்டு வண்டி ஒன்று 1923ஆம் வருஷத்து ஐந்நூறு மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. ஷெவர்லே என்னும் பெயருடைய வண்டி போர்டை வெல்லப் போராடுகையில், அப்பெயருடைய மனிதர் போர்டு வண்டிக்கு வேகமூட்டிப் பிழைத்தார்! விமான யந்திரம் செய்யப் புகுந்ததிலும் சகோதரர்களுக்குள் மனவேற்றுமை தோன்றி முயற்சி முறிந்தது. 1929ஆம் வருஷத்துப் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் கொண்டு போயிற்று.

இறுதியில் அவர் டிட்ராய்ட் நகரத்தில் ஷெவர்லே தொழிற்சாலையிலேயே மெக்கானிக்காக வேலைக்கு அமர்ந்தார். வாயிலின் மேல் தம் பெயர். உள்ளே தாம் ஒரு கூலியாள். நோயுற்று அவ்வேலையினின்றும் விலகி, 1941ஆம் வருஷம் ஜூன் மாதம் 6ஆம் தேதி காலமானார். இண்டியானாபொலிஸில், தம்பி காஸ்டனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவரைப் பயன்படுத்தி உயர்ந்த டுராண்டும் 1936ஆம் வருஷத்தில் திவாலாகி, வறுமையிலேயே 1947ஆம் வருஷத்தில் மறைந்தார் என்பதையும் சொல்லாது விடுதல் நீதியன்று.

நாம் கொள்ளத்தக்கது

இச்சரித்திரத்தை எச்சரிக்கையாக மாத்திரம் எழுதவே முதலில் கருதினோம். நமது சமூகத்துக் குடும்பங்களிலும் பட்டறை வைத்தும், வண்டி ஓட்டியும், பிறரோடு கூட்டுச் சேர்ந்தும் பிழைப்போர் உளர். கைத்தொழில் கற்ற பிள்ளை கணக்கும் கற்க வேண்டும். கூட்டில் சேருமுன் பத்திரத்தை ஒரு முறைக்கு இருமுறை படிக்க வேண்டும். தன் பெயரைப் பிறர் வியாபாரத்துக்கு அளிக்கும்பொழுது, விலக நேரின் அப்பெயர் யாருக்கு என்பதை அன்றே எழுதி வைக்க வேண்டும். கூட்டாளியோடு கோபங்கொண்டு வெளியேறினாலும் உழைப்பாலான பங்கைக் கோபத்தோடு எறிந்துவிடலாகாது. இவை யாவும் ஷெவர்லேயின் வாழ்வு கற்பிக்கும் பாடங்களே.

ஆயினும் எழுதுங்கால் நம் எண்ணம் சிறிது மாறிற்று. தரம் குன்றிய பண்டத்தில் தம் பெயர் இருத்தலாகாது என்று கருதியே அவர் விலகினார். பெயரை இழந்த பின்னரும் வேறு பெயரில் வண்டி செய்து இருமுறை உலகறிய வென்றார். அத்தகையவரைப் பேதை என்று ஒதுக்க மனம் ஒருப்படவில்லை. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணும் அன்பர்கள், எஞ்சியுள்ள மிகச் சில கிளாஸிக் ஸிக்ஸ் வண்டிகளை இன்றும் மாணிக்கம்போற் போற்றுகின்றனர். இந்தியாவில் ஷெவர்லே புதுக் கார் விற்பனை 2017ஆம் வருஷ முடிவில் நின்றுவிட்டது. ஆனால் கல்யாண ஊர்வலத்திலும் பழைய வண்டிகளின் அணிவகுப்பிலும் அப்பெயர் பொறித்த வண்டியை நம் பிள்ளைகள் காணக்கூடும். அப்பொழுது, அது ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனுடைய பெயர் என்று பெற்றோர் எடுத்துச் சொல்வார்களாக. அவருடைய கைத்திறனும் நேர்மையும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும். அவருக்கு வாய்க்காத முன்யோசனையும் உடன் வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.