செஞ்சிக்குத் தப்பி வந்த ராஜா

சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். 1680-ல் தந்தை இறந்தபோது வயது 10. தாய் சோயராபாயின் கட்சியார் அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றினர். அண்ணன் சம்பாஜி படையோடு வந்து தம்பியைக் காவலில் வைத்தார்!

1689-ல் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றார். ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, செஞ்சிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1677-ல் தந்தை பிடித்த கோட்டை அது.

மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் சுமார் 8 ஆண்டு முற்றுகையிட்டார். இடையில், அவுரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி. உடனே அவர் மகன் காம்பக்ஷ், ராஜாராமுடன் ரகசியமாகப் பேசினார்! விஷயம் அம்பலமானது. இளவரசரையே தளபதி கைது செய்தார். அந்தத் தளபதி மட்டும் யோக்கியரா? அவருக்கும் ராஜாராமுடன் ரகசியத் தொடர்பு உண்டு என்று பேச்சு.

1698-ல் கோட்டை விழுந்தது. ராஜாராமோ முன்பே தப்பிவிட்டார். 1700-ல் காலமானார். வயது 30. மனைவி தாராபாய், தன் சின்னஞ்சிறு மகனைச் சிம்மாசனத்தில் ஏற்றினார்.